கப்பல் நடந்த நடை

கேத்தரின் மணிக்கட்டிலுள்ள கறுப்புப் பட்டையை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுகிறாள். "அச்சா, போலோ. இன்னைக்கி என்ன சொல்லுத?" துடுப்பைத் தொடுமுன் தினமும் இந்த விசாரணை உண்டு. இதயத்துடிப்பு, தூக்கம், நடை எல்லாவற்றையும் மோப்பம் பிடித்து அந்தப் பட்டை பயிற்சியாளர் சுதாகரின் போனுக்குச் சொல்லிவிடும். அவள் அதற்கு வைத்திருக்கும் பெயர் சி.ஐ.டி.

கப்பலில் ஒரு பகல் தூரத்திலுள்ள தீவான லாங் ஐலண்டின் மீனவர் லாரன்ஸின் மகள். ஃபீனிக்ஸ் பேயில் படகு எஞ்சின் பட்டறையில் வேலை. நகக்கண்ணில் கிரீஸ், கடைவாயில் ஒரு கிராம்பு. இரண்டும் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. நால்வர் படகில் முன்னிருக்கை அவளுடையது. அவள் துடுப்புப் போடும் வேகத்துக்குத்தான் பின்னால் இருக்கும் மூவரும் போட வேண்டும்.

தீவுகளைத் தாண்டி மெயின்லேண்டில் நடக்கும் போட்டிக்கு இன்று ஆள் எடுக்கிறார்கள். நால்வரும் படகில் உட்கார்ந்தாயிற்று. சி.ஐ.டி. சிவப்பு காட்டுகிறது.

"நேத்து ரெஸ்ட் டே. நீ பகல் பூரா நடந்திருக்கே," என்கிறார் சுதாகர். சென்னையிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. "உடம்புல தெம்பு இருக்காது. இறங்கிக்கோ."

"நான் எங்க சார் நடந்தேன்? ஊர்ல அம்மாவப் பாத்துட்டு ஷிப்ல வந்தேன். டெக்குல சாக்கு விரிச்சு வழியெல்லாம் தூங்குனேன். ஆடுனது ஷிப்பு. இது அத என் கணக்குல ஏத்திட்டு."

"அக்கா மாதா கோயில் ஆளு சார்," என்கிறாள் இரண்டாம் இருக்கை உதயா. "கடல் மேல நடந்தே வந்திருப்பா."

"சும்மா கெட புள்ள. நடக்கத் தெரிஞ்சா டிக்கெட்டுக்கு ஏன் லைன்ல நிக்கேன்?"

சுதாகருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. ஆனாலும் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டேட்டா பொய் சொல்லாது, கேத்தரின். அடுத்த வருஷம் பாக்கலாம்."

அடுத்த வருடம் என்று ஒன்று அவளுக்கு இல்லை. பயிற்சிக்காகக் காலையில் தாமதமாக வர பட்டறை முதலாளி இந்த ஒரு வருடத்துக்குத்தான் சம்மதித்திருக்கிறார். அதைச் சொல்லி இரக்கம் கேட்க அவளுக்கு வாய் வராது.

"தெம்பு இருக்கா இல்லையான்னு என்னய ஓட்டிப் பாத்துச் சொல்லுங்க சார். போனப் பாத்துச் சொல்லாதிய."

"ரிசர்வ் ஆள் ரெடியா இருக்கா. இறங்கு."

கேத்தரின் துடுப்பின் நுனியைத் துறைக்கல்லில் ஊன்றி ஓர் உந்து உந்துகிறாள். படகு விலகுகிறது. கரையிலிருந்து சுதாகர் அவள் பெயரை இரண்டு முறை கூப்பிடுகிறார். அவள் திரும்பவில்லை. துடுப்பை உயர்த்திப் பிடித்துக் காத்திருக்கிறாள்.

"போடுக்கா," என்கிறாள் உதயா, பின்னாலிருந்து.

துடுப்பு தண்ணீரில் இறங்குகிறது.