தலகணி மத்தளம்

எட்டு வருசமாக யாழ்ப்பாணத்துக் குருநகரில் அவனுக்குத் ‘தலகணி வின்சன்ற்’ என்றுதான் பெயர். ரேடியோ திருத்துகிறவன், கசற்றில் பாட்டும் பதிந்து கொடுப்பான். அடைக்கலநாதனின் மத்தளத்தைத் தலகணியில், அதுதான் தலையணையில், அடிக்கிற மாதிரிக் கேட்க வைத்தவன் என்று ஊர் சிரித்தது. பிழை தன்னுடையதல்ல என்று அவன் சொல்லவில்லை. சொன்னால்தான் யார் நம்புவார்கள்? அடைக்கலநாதன் பகலில் வலை பின்னுவார், கூத்தென்றால் மத்தளத்தோடு உட்காருவார். அவர் கை பிழைக்காது என்பது ஊரின் முடிவு.

எண்பத்துநாலில் மழை தூறிய ஒரு பின்னேரம் கூத்துப் பாட்டுகளைப் பதிந்தார்கள்.

“அண்ணை, தோல் ஈரம் குடிச்சிருக்கு. நெருப்பிலை ஒருக்காக் காட்டுங்கோ.”

“மத்தளத்தை நான் பாக்கிறன். நீ உன்ரை பெட்டியைப் பார்.”

‘தொம்’ என்று எழும்பவேண்டிய அடியெல்லாம் ‘சொத்’ என்று விழுந்தது. வீட்டுக்கு வீடு கசற் போக, பட்டப்பெயரும் கூடவே போனது.

தொண்ணூற்றிரண்டில் அடைக்கலநாதன் சண்டையால் இடம்பெயர்ந்து கோப்பாயில் இருந்தார். பாரிசவாதத்தில் வலக்கை விளங்காமற் போயிருந்தது. வின்சன்றைக் கூப்பிட்டனுப்பினார்.

“பாடினவை திக்குத்திக்காப் போயிட்டினம். அந்தக் கசற்றிலை பாட்டு அப்பிடியே கிடக்கட்டும். அடியை மட்டும் மாத்தேலுமே?”

“பழைய அடியை வழிச்செடுக்கேலாது அண்ணை. பாஸை, அந்த அடித்தொனியைக் குறைச்சு அமத்திப்போட்டு, மேலாலை புதுசா அடிக்கலாம். ஆர் அடிக்கிறது?”

“இடப்பக்கம் நான். வலப்பக்கம் இவள்.” மனைவி அருமைநாயகியைக் காட்டினார்.

“முப்பது வருசமா என்ரை காதுக்குள்ளைதானே அடிக்கிறார். வராமல் விடுமே?” என்றாள் அவள்.

கரண்ட் இல்லை. பழைய கசற் ஓடச் சைக்கிள் டைனமோ. பதிகிற பெட்டிக்கு வின்சன்ற் பொத்திவைத்திருந்த பற்றறி. அது ஒருமுறைக்கு மேல் தாங்காது. இந்தமுறை மத்தளம் வெயிலில் காய்ந்தது. வின்சன்ற் ஸ்ராண்டில் நின்ற சைக்கிளை மிதித்தான். கால் தளர, பாட்டும் இழுபட்டது.

“டேய், ராசாவின்ரை வரவுப் பாட்டு ஒப்பாரியாப் போகுது. மிதியடா!”

அடைக்கலநாதனின் அந்த ஏச்சும் சேர்ந்தே பதிந்தது.

மூன்றாம் பாட்டில் தாளம் மாறுகிற இடம். எண்பத்துநாலில் அடைக்கலநாதனே அதில் தடுக்கியிருந்தார், ஒருவரும் கவனிக்கவில்லை. அருமைநாயகியின் அடி பிசகாமல் நேரே போனது. தன் பழைய பிழை காதில் விழ, அவருடைய இடக்கை நின்றுவிட்டது. பாட்டு முடியும்வரை அவள் மட்டும் அடித்தாள்.

போட்டுக் கேட்டார்கள். ‘தொம்’ என்று எழும்பியது. அடைக்கலநாதன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்டைக்கு நீ சொன்னனி. நான்தான் கேக்கேல்லை.”

எட்டு வருசமாக வின்சன்ற் சேர்த்துவைத்த பேச்சு எவ்வளவோ இருந்தது. “ஓம் அண்ணை” என்றதோடு சரி.

கசற்றுக்கும் தட்டுப்பாடான காலம். பழையதை அழித்து அதிலேயே ஒரு பிரதி எடுக்கட்டுமா என்று பேர் எழுதப் பேனையைத் திறந்தபடி கேட்டான். அடைக்கலநாதன் தலையாட்டி மறுத்தார். அடுத்த மாசம் அவர் போய்ச் சேர்ந்தார். வின்சன்றிடம் அவர் கடைசியாகக் கேட்டது, அன்று சொன்ன இதுதான்:

“உந்தப் பழசை அழிக்காதை. உதிலை என்ரை பேரே இருக்கட்டும். புதுசிலை மத்தளம் அருமைநாயகி எண்டு எழுது.”