சங்கரசுப்புவின் பல் வைத்தியம்

"சங்கரசுப்பு வாயில ஒரு நம்பரு வந்துட்டா, சங்கரலிங்க சாமியே எந்திச்சு வந்தாலும் மாத்த முடியாது வே!" என்று முழங்கித்தான் அன்று மல்லிகை ஏலத்தை முடித்தார் சங்கரசுப்பு அண்ணாச்சி. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் காலை ஏழு மணிக்கு அண்ணாச்சியை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. ஐம்பத்திரண்டு வயது, தோளில் ஈரத்துண்டு, காதில் எழுதாத பேனா.

ஆறு வருடம் மாதம் ஒருமுறை திருநெல்வேலி பஸ் ஏறினார். 'பல் வைத்தியம்' என்பது ஊருக்குச் சொன்ன காரணம். மனிதனுக்குப் பல் முப்பத்திரண்டுதான். அண்ணாச்சிக்கு எழுபது தடவைக்கு மேல் வைத்தியம் நடந்துவிட்டது. ஊரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வாங்கிவந்தது ஹெச்.ஐ.வி. மாத்திரை, தனக்கும் மனைவி மாரிசெல்விக்கும்.

போன தை மாதம் பரிசோதனைத் தாளில் 'வைரஸ் கண்டறியப்படவில்லை' என்று வந்தது. மாத்திரை கிருமியை அடக்கி வைத்திருக்கிறது என்று பொருள். அண்ணாச்சியோ வியாபாரியாக வாசித்தார்: சரக்கு இல்லை, கடையைச் சாத்து. கோமதியம்மனுக்கு மாவிளக்கு ஏற்றினார். "பல்லு சரியாயிட்டு" என்று மார்க்கெட்டில் அறிவித்தார். மாரிசெல்வி எவ்வளவோ சொல்லியும் மாத்திரையை நிறுத்தினார்.

இப்போது ஆவணி. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. நாக்கில் வெள்ளை படிந்து காப்பி இறங்க மறுக்கிறது. நேற்று பூக்கட்டும் இசக்கித்தாய் நாரைக் கடித்தபடி கேட்டாள்: "பல்லு சரியாயிட்டுன்னிய, பொறவு கன்னம் ஏன் அண்ணாச்சி உள்ள போவுது? பல்லையெல்லாம் முழுங்கிட்டியளோ?"

மார்க்கெட்டே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு யாருடைய பைக் கண்ணாடியிலோ குனிந்து கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

வீட்டில் மாரிசெல்வி தன் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "நாளைக்கு எனக்கு வாங்கப் போணும். நீங்களும் வாங்க."

"ஏட்டி, போனா ஏசுவாவ."

"ஏசட்டும். உயிர் இருந்தாத்தான ஏச்சு வாங்க முடியும்?"

"விட்டுட்டுப் போட்டா இனி மருந்து கேக்காதுன்னு சொல்லிட்டாவன்னா?"

மாரிசெல்வி பஸ்ஸுக்குச் சில்லறையை எண்ணி முந்தானையில் முடிந்தாள்.

காலையில் அண்ணாச்சி மூன்று பஸ்களை நிராகரித்தார். ஒன்றில் கூட்டம், இன்னொன்றில் தெரிந்த கண்டக்டர், மூன்றாவதில் பாட்டு சரியில்லை. நான்காவதில் மாரிசெல்வி ஏறி உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அவரும் ஏறினார்.

சிகிச்சை மையத்தில் ஆலோசகர் பெனிட்டா ஏசவில்லை. அதுதான் அவரை மேலும் பயமுறுத்தியது.

"எத்தனை மாசமா போடல?"

"ரெண்டு."

பெனிட்டா எழுதிக்கொண்டார். "சரியாச் சொல்லிருங்க அண்ணாச்சி. அத வச்சுத்தான் என்ன டெஸ்ட் எடுக்கணும், எந்த மருந்து குடுக்கணும்னு டாக்டர் பாப்பாங்க."

மாரிசெல்வி ஜன்னலைப் பார்த்தாள். அண்ணாச்சி துண்டால் வாயைத் துடைத்தார். பிறகு இடது கையின் ஐந்து விரலையும் நன்றாக விரித்து மேசைமேல் வைத்தார். அதன் பக்கத்தில் வலது கையின் இரண்டு விரல்கள் வந்து நின்றன.