கை அதிர்ந்தது, செய்தி போகவில்லை

போன வருஷம் மாசி மாதம், தேவனாம்பட்டினம் கடலில் நடந்தது இது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வியர்க்கும்.

அண்ணாமலை நகரில் ரூம் எடுத்துத் தங்கி, போன் ஆப் வடிவமைப்பது என் பிழைப்பு. அக்கா வீட்டுக்காரர் ஃபைபர் போட்டில் மீன் பிடிப்பவர். அவரைப் போன்றவர்களுக்காக, அழுத்தினால் கரைக்கு உதவி கேட்டுச் செய்தி போகும்படி போனில் ஓர் ஆபத்து பட்டன் செய்திருந்தேன். வெயிலில் திரை தெரியாது, ஈரக் கையால் தொட்டால் பட்டதா இல்லையா என்றும் புரியாது. அதனால் விரல் பட்டதுமே போன் பலமாக அதிரும்படி வைத்தேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை வேறு! சோதித்துப் பார்க்க மாமாவோடு நானும் கடலுக்குப் போனேன்.

காலை பத்து மணி இருக்கும். கரை மறைந்த தூரத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. மாமா கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார், கிளம்பவே இல்லை. காற்று எங்களை இன்னும் வெளியே தள்ளியது. தூரத்தில் ஒரே ஒரு போட்டு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மாமா சட்டையைத் துடுப்பில் கட்டித் தூக்கி ஆட்டினார். ஆட்டிக்கொண்டே என் பட்டனையும் அழுத்தினார். போன் அதிர்ந்தது.

"அடிச்சிடுச்சு மாப்ள! இனிமே வந்துருவாங்க" என்று துடுப்பைக் கீழே வைத்து, நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார்.

போனை வாங்கி, வெயிலை மறைத்துப் பார்த்தேன். டவரே இல்லை. செய்தி போகாமல் அப்படியே நிற்கிறது. விரல் பட்டதற்குத்தான் அதிர்ந்தது, செய்தி போனதற்கு அல்ல. வைஃபை உள்ள ரூமில் உட்கார்ந்து, இரண்டும் ஒன்று என்று நினைத்துத் தொலைத்திருக்கிறேன்! பட்டனை மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தேன். மாமாவிடம் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. அதற்குள் அந்தப் போட்டு இன்னும் சின்னதாகிவிட்டது.

"மாமா, போவல மாமா! ஆட்டுங்க, ஆட்டுங்க!"

"ஐயோ, அப்ப எதுக்குடா கையில அடிச்சுச்சு?" என்று அலறியபடி துடுப்பைத் தூக்கினார். நானும் சட்டையைக் கழற்றி ஆட்டினேன். அக்காவும் பிள்ளைகளும்தான் கண்ணில் நின்றார்கள். அந்தப் போட்டு எங்கள் பக்கம் திரும்பியபோது வாய்விட்டு அழுதுவிட்டேன்.

கயிறு கட்டி இழுத்து வந்து கரை சேர்த்தார்கள். இப்போது என் ஆப்பை மாற்றிவிட்டேன்; விரல் பட்டால் லேசாக ஒரு தட்டு மட்டும்தான். கரையில் ஒருவர் செய்தியைப் பார்த்த பிறகே நீண்ட அதிர்வு வரும். ஒரு போனை அதிர வைப்பது எனக்கு ரொம்ப லேசு. அதை நம்பி ஒரு மனுஷன் துடுப்பைக் கீழே வைத்துவிடுவார் என்ற பயம்தான் இன்றுவரை என் கையைப் பிடித்து வேலை வாங்குகிறது.