எஞ்சினுக்கு ஆகாத கண்

இளையரசனேந்தல் பக்கம் எங்கள் மானாவாரி நிலத்தில் மழை பொய்த்துக்கொண்டே இருந்த காலத்தில், ரயில் எஞ்சினில் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன் வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்பா அதைச் சங்கரன்கோவில் முழுக்கச் சொல்லிவிட்டார். மதுரையில் டாக்டர் பரிசோதனை மட்டும்தான் பாக்கி.

எடை, நெஞ்சு, காது எல்லாம் தேறின. கண்ணில் மாட்டிக்கொண்டேன். எழுத்து அட்டையில் பாதிக்குக் கீழே படிக்க முடியவில்லை. டாக்டர் விசிறிபோல் கோடுகள் விரிந்த இன்னொரு அட்டையைக் காட்டினார். படுத்திருந்த கோடுகள் மை போலக் கறுத்திருந்தன. நின்றிருந்த கோடுகள் சாம்பலாகக் கலங்கின. எல்லாம் ஒரே கறுப்புதான் என்று அவர் சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை.

"தம்பி, இது நோய் இல்லை. கருவிழி பந்து மாதிரி சீரா வளைஞ்சிருக்கணும். உனக்கு ஒரு திசையில மட்டும் கூடுதலா வளைஞ்சிருக்கு. வெளிச்சம் ஒரே இடத்துல குவிய மாட்டேங்குது."

"மருந்து இருக்கா சார்?"

"மருந்தால ஆகாது. அந்த வளைவைச் சரிக்கட்டுற சிலிண்டர் கண்ணாடி போட்டா நல்லாத் தெரியும். கருவிழி மேலயே வைக்கிற வில்லை வெளிநாட்டுல இருக்காம், நமக்கு எட்டாது. ஆனா எஞ்சின் வேலைக்குக் கண்ணாடி போட்ட ஆளை எடுக்க மாட்டாங்க."

சங்கரன்கோவில் ஸ்டேஷனில் அப்பா காத்திருந்தார்.

"என்னலே ஆச்சு?"

"கண்ணு சரியில்லன்னு சொல்லுதாவப்பா."

"ஒனக்கா? பருந்து எங்கன பறந்தாலும் சொல்லுத பய நீ. வேற எவனுக்கோ வேலயக் குடுக்க அந்த டாக்டரு பொய் சொல்லுதான்."

தினமும் கோவிலுக்கு இழுத்துப்போய் நோய் தீர்க்கும் என்று அங்கே கொடுக்கும் புற்றுமண்ணை என் இமைகளில் பூசினார். "கோபுரத்துப் பொம்மையெல்லாம் இப்பம் தெளிவாத் தெரியுதா?" என்பார். ஒவ்வொரு பொம்மைக்கும் பக்கத்தில் அதன் நிழல் ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லோருக்குமே அப்படித்தான் தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தேன். "இல்லப்பா" என்றதும் அவர் கை தளர்ந்து விழும்.

பிறகு பருத்திக் கடையில் கணக்கெழுதப் போனேன். மூன்றும் எட்டும் ஒன்றாகத் தெரிந்தன. பொழுது சாய்வதற்குள் நெற்றி வலியில் பிளந்துவிடும். வேறு வழியில்லாமல் மதுரையில் கண்ணாடி செய்துகொண்டேன். வில்லை சட்டத்துக்குள் கொஞ்சம் சுழன்றாலும் பார்வை கலங்கிவிடும் என்று எச்சரித்துக் கொடுத்தார்கள். முதலில் தரை சரிந்து கிடப்பதுபோல் இருந்தது. பழகியபின் எல்லாம் நேரானது. அப்பாவின் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அவ்வளவு கிழடு தட்டியிருந்ததை நான் அறியவில்லை.

"அதக் கழட்டுலே. ஊர்க்காரன் பாத்தா நெசமாவே கண்ணு குருடுன்னு நெனைப்பான்."

அவர் இருக்கும்போதெல்லாம் கழற்றி வைத்தேன். மாடுகள் விலைபோயின. அப்பா அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனார். யாரும் ஏமாற்றவில்லை, கண்ணே அப்படித்தான் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். அவர் மனசு ஏற்கவில்லை. படுத்த படுக்கையான பிறகும் ஒருநாள் கேட்டார்: "ரயிலுக்கு மறுபடி எழுதிப் போட்டியாலே?"

இல்லை என்று தலையசைத்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.