கிளி கலைக்கிற கயிறு

முதியவர்களை நன்றாக வைத்திருப்பது எப்படி என்று இப்போது கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சண்டைக் காலத்தில், வாவிக்கு அப்பால் படுவான்கரையில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தவள் நான். ஷெல் சத்தத்துக்குப் பயந்து கட்டிலோடு கிடந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். முதுகெல்லாம் புண். ஓர் அப்புவுக்கு மட்டும் புண் இல்லை. எண்பதைத் தாண்டியவர், காது மந்தம், ஆனால் கோப்பை நிறையச் சோறு தின்பார். இல்லத்துக்குப் பின்னால் ஒரு துண்டு வயல் இருந்தது. கதிர் பால் பிடித்தால் விடிய எழும்பிக் காவலுக்குப் போய்விடுவார்.

வயலுக்குக் குறுக்கே கயிறு கட்டி, பழைய பால்மா டின்களைத் தொங்கவிட்டிருந்தார். காவல் குடிலுக்குள் இருந்து இழுத்தால் டின்கள் கடகடக்கும், கிளிகள் பறக்கும். எங்கள் வயல் வட்டைகளில் எல்லாரும் செய்வதுதான். அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு காலை ரோந்து வந்த ஆமிக்காரர்கள் வரம்பால் இறங்கினார்கள். முன்னால் வந்தவன் காலடியில் கயிற்றைக் கண்டு கத்தினான். எல்லாரும் சேற்றில் விழுந்து படுத்தார்கள். கண்ணிவெடிக் கயிறு என்று நினைத்துவிட்டார்கள். துவக்குகள் கயிறு போன பக்கம், குடிலை நோக்கித் திரும்பின. கிழவருக்கு அந்தக் கத்தல் கேட்கவில்லை. கதிர் அசைந்ததை மட்டும் கண்டிருப்பார். கயிற்றை இழுத்தார்.

டின்கள் கடகடத்தன. ஒருவன் சுட்டான். குடிலின் கூரையில் கிடுகு பிய்ந்து பறந்தது.

நான் குசினி வாசலில் நின்றேன். மூத்திரம் சீலையோடு போனது. கையைத் தூக்கிக்கொண்டு வயலுக்குள் இறங்கினேன். கிட்டக் கிடந்த டின்னைப் பிடித்துக் குலுக்கி, "கிளி, கிளி" என்றேன். அவர்களுக்குத் தமிழ் விளங்கவில்லை. கைகளைச் சிறகு மாதிரி அடித்துக் காட்டினேன். துவக்குகள் இறங்க நெடுநேரம் எடுத்தது.

கயிற்றை அறுத்தார்கள். இனி வயலில் தலை தெரிந்தால் சுடுவோம் என்று துவக்கை நீட்டிச் சைகை காட்டிப் போனார்கள். இல்லத்தை நடத்தியவர் பின்கதவைப் பூட்டித் திறப்பை என்னிடம் தந்தார்.

அப்புவுக்குக் காயம் ஒன்றும் இல்லை, ஆனால் வயலுக்குப் போக முடியாமல் கட்டிலில் விழுந்தார். பிறகு சோற்றைத் தள்ளத் தொடங்கினார். ஒருநாள் உடம்பு துடைக்கும்போது பார்த்தேன், முதுகில் சிவப்பு.

"கதவத் திற புள்ள."

"சுட்டுப்போடுவானுகள் அப்பு."

"அவன் சுட்டா ஒரேயடியா முடியும். நீ மெல்ல மெல்லக் கொல்றாய்."

"கயிறும் இல்ல. மறுகா என்னத்தால கிளி கலைக்கிற?"

"வாய் இரிக்கு. உன்ட வாயளவுக்கு இல்லாட்டியும் கிளிக்குக் காணும்."

திறந்துவிட்டேன். நடத்தியவர் ஏசினார், நானும் திருப்பி ஏசினேன். அப்புவின் முதுகுச் சிவப்பு ஆறிவிட்டது. நான்தான் அறுவடை முடியும்வரை தெருவைப் பார்த்தபடியே நின்றேன். நாய் குரைத்தாலும் அப்புவைக் குனியவைக்க வயலுக்குள் ஓடினேன்.