நாரிஸ் சாட்டையைத் தாழ்த்தியது

என் தம்பி அன்றைக்குக் குடித்திருந்தானாம். சலவைக்கடையில் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லார் காதிலும் விழும்படி க்ளெனிஸ் இதைச் சொல்கிறாள். பக்கத்து இயந்திரத்தில் நான் போர்வையைத் திணித்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறாள்.

"நீ மோந்து பாத்தியா?" என்று கேட்டேன்.

"ஊரே சொல்லுது, ஐவி. நான் மட்டுமா சொல்றேன்?"

"ஊருக்கு எத்தனை மூக்கு?"

"அப்போ எதுக்காம் அவ்வளவு நல்ல வேலையையும் வீட்டையும் விட்டுட்டு வந்தான்? சும்மா இருந்தவனை யாராச்சும் வெளிய தள்ளுவாங்களா?"

"யாரும் தள்ளல. அவனாத்தான் வந்தான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்குவாங்க, கண்ணு. பேப்பர்லயே போட்டிருந்தான். உனக்குத்தான் படிக்கத் தெரியாது."

"படிக்கத் தெரியாது, சரி. கண்ணு தெரியும். அன்னிக்கு நான் அந்த நடைபாதையில நின்னேன். உன் பேப்பர்காரன் எங்க நின்னான்?"

அவள் சில்லறையைப் போட்டு இயந்திரத்தை ஓடவிட்டாள். ஆனால் நாளைக்கு வேறு யாரிடமாவது இதையே சொல்வாள். அதனால் நானும் என் பங்குக்குச் சொல்லிவைக்கிறேன்.

நாரிஸ் என் தம்பி, அரச குடும்பத்துக்குச் சாரட்டு ஓட்டியவன். குடிக்காதவன் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சனிக்கிழமை பப்புக்குப் போனால் முதல் பீருக்குக் காது சிவக்கும், அடுத்த பீருக்கு அரசியல் பேசுவான். ஆனால் சாரட்டு வண்டியில் ஏறும் நாளிலும் அதற்கு முந்தின நாளிலும் தேநீரைத் தவிர எதையும் தொட்டதில்லை. மனிதரை ஏமாற்றலாம், குதிரைக்கு வாசனை தெரிந்துவிடும் என்பான்.

எங்கள் அப்பா நிலக்கரி வண்டி ஓட்டினார். எங்கள் ஊர் வின்ட்ஸரில் சாவு விழுந்தால், அதே குதிரையைத் தேய்த்துக் கழுவி, சவ ஊர்வல வண்டியில் பூட்டுவார். நாரிஸ் அவர் பக்கத்தில் உட்கார்ந்தே வளர்ந்தான். வண்டி ஓட்டுகிறவனுக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கும், தொப்பியைக் கழற்ற முடியாது. ஆகவே எதிரே சவப்பெட்டி வந்தால் சாட்டையின் நுனியைக் கீழே தாழ்த்தி, அது கடந்து போகும்வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். செத்தது யார் என்று கேட்கக்கூடாது. அப்பாவோடு பேச்சுவார்த்தையே இல்லாத கசாப்புக்கடைக்காரர் செத்தபோதும் அப்பா தாழ்த்தினார். தாழ்த்திவிட்டு, வீட்டுக்கு வந்து அந்த மனிதரை வாய் வலிக்கத் திட்டினார்.

மீசை முளைக்கும் முன்பே நாரிஸ் அரச கோட்டையின் குதிரை லாயத்தில் சாணி அள்ளச் சேர்ந்தான். அங்கே லாடம் அடிப்பவரின் மகள் எனிட். லாயத்துக்கு மேலே இருக்கும் குடியிருப்பில் பிறந்தவள், அங்கேயே இவனைக் கல்யாணம் செய்துகொண்டாள், வேறு கூரை அறியாதவள். வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். அது அங்கே எல்லாருக்கும் உள்ள ஏற்பாடுதான்.

வெளிநாட்டு விருந்தாளி வரப்போகிறார் என்றால் முதலில் குதிரைகளுக்குக் கூட்டம் பழக வேண்டும். நாங்கள் அக்கம்பக்கத்தார் போய்க் கொடியை ஆட்டுவோம், கத்துவோம், குடையை முகத்துக்கு நேரே விரிப்போம். என்னுடைய நல்ல வாணலி மூடி ஒன்று தட்டித் தட்டி இதிலேதான் நசுங்கியது. எது நடந்தாலும் குதிரை திரும்பிப் பார்க்கக்கூடாது. ஓட்டுகிறவனும் திரும்பக்கூடாது.

இதில் நாரிஸுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. பப்பில் பஸ் ஓட்டுநர் டெரெக் அவனைச் சீண்டிக்கொண்டே இருப்பான். டெரெக்குக்கு அரச குடும்பம் என்றாலே ஆகாது.

"நானும் ஓட்டுறேன், நீயும் ஓட்டுற. என் வண்டியில டிக்கெட் வாங்குறவன் ஏர்றான். உன் வண்டியில எவன் ஏர்றான்?" என்பான் டெரெக்.

"எவன் ஏறினாலும் இறங்கும்போது மெத்துனு இறங்குவான். கையை முறுக்கிக்கிட்டு வந்தவனெல்லாம் பாதி வழியில பிள்ளைங்களுக்குக் கையாட்டுறதை நான் பாத்திருக்கேன். ஓட்டுப் போட்டு நீ அனுப்புற மந்திரி வருஷக்கணக்காப் பேசிப் பாக்குறான். நாங்க ஒரு மதியம் கூட்டிட்டுப் போறோம், அவ்வளவுதான். அதுக்காகவாச்சும் அவங்க இருக்கணுமா வேண்டாமா?"

"அவன் மெத்துனு ஆவான் சரி. அவன் ஊர் ஜெயில் மெத்துனு ஆகுமா?"

"உனக்கு எதுலயும் ஒரு நொட்டை சொல்லணும்."

இப்படியே போகும். யாரும் யாரையும் ஜெயித்ததில்லை.

அந்த வருஷம் வந்த விருந்தாளி எந்த நாட்டுக்காரர் என்று நான் சொல்லப்போவதில்லை, காரணம் பின்னால் வரும். அவர் நாடு நம்மிடம் விமானங்கள் வாங்கப்போகிறது, வடக்கே ஒரு தொழிற்சாலை அதை நம்பித்தான் நிற்கிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். முதல் சாரட்டில் விருந்தாளியும் அரச குடும்பத்துப் பெரியவர்களும் போனார்கள். நாரிஸ் ஓட்டியது பின்னால் வந்த ஒன்று, அதில் விருந்தாளியின் மந்திரிகள் இருந்தார்கள்.

நான் தேவாலயத்துக்குக் கீழே, வளைவில் நின்றேன். எதிர்ப்பக்கம் அந்த நாட்டிலிருந்து ஓடிவந்த ஜனங்கள் தடுப்புக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்தார்கள். முதல் சாரட்டு கடந்ததும் சத்தம் சட்டென்று நின்றது. நாலு பேர் ஒரு சவப்பெட்டியைத் தோளில் தூக்கினார்கள். அட்டைப்பெட்டிதான். கறுப்புச் சாயம் காயக்கூட இல்லை, ஒருவர் தோளில் ஒட்டியிருந்தது. பின்னால் ஓர் அம்மா ஒரு பையனின் போட்டோவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

நாரிஸின் சாட்டை தாழ்ந்தது. முகம் நேரே, குதிரைகள் நேரே, சாட்டை மட்டும் கீழே. பெட்டியைத் தாண்டும்வரை அப்படியே இருந்தது. பிறகுதான் நிமிர்ந்தது.

கூட்டத்தில் பாதிப்பேர் கவனிக்கவே இல்லை. ஆனால் வண்டிக்குள் இருந்த மந்திரி கவனித்துவிட்டார். போட்டோ பிடிப்பவன் ஒருவனும் கவனித்துவிட்டான்.

மறுநாள் பேப்பரில் படம் வந்ததும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி, குடிகாரன் என்றது. இன்னொரு பாதிக்கு டெரெக் தலைவன். பப்பில் நாரிஸ் நுழைந்ததும் எழுந்து கைதட்டினான்.

"வாடா ராசா. கடைசியில எங்க பக்கம் வந்துட்ட."

"உன் பக்கமும் இல்ல, மயிரும் இல்ல. உக்காரு" என்றான் நாரிஸ். பீரைத் தொடாமலே திரும்பி வந்துவிட்டான்.

லாயத்துக்குப் பொறுப்பாளர் மேஜர் ஃபென்விக். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆளனுப்பிக் கூப்பிடாமல், அவரே படியேறி எனிட்டின் சமையலறைக்கு வந்தார். நானும் இருந்தேன். எழுந்து போகச் சொல்வார்கள் என்று பார்த்தேன், சொல்லவில்லை. நானும் போகவில்லை.

"நாரிஸ், அவங்க தூதரகம் முகத்தைத் தூக்கி வச்சிருக்கு" என்றார். "விமான விஷயம் தொங்குது. நீ ஒண்ணும் பெருசாச் செய்ய வேண்டாம். நிஜச் சாவுன்னு தப்பா நெனச்சுட்டேன், பழக்கத்துல கை தாழ்ந்துடுச்சுன்னு அவங்க ஆள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. அதோட முடிஞ்சுது."

"பழக்கத்துலதான் தாழ்ந்துது, சார்."

"அதைத்தானே சொல்லச் சொல்றேன்."

"முதல்ல கை தானாத் தாழ்ந்துது. அட்டைன்னு உடனே தெரிஞ்சு போச்சு. பின்னாடி அந்தம்மா முகத்தைப் பாத்தேன். பாத்த பிறகு தூக்க மனசு வரல. அது பழக்கம் இல்ல, சார். அது நான்."

மேஜர் நெற்றியைத் தேய்த்தார். "அதை நீ சொல்லியே ஆகணும்னு இல்லையே."

எனிட் கேக்கை வெட்டி அவர் தட்டில் வைத்தாள். தட்டு மேசையில் இடித்த சத்தம் அவருக்காக இல்லை, புருஷனுக்காக.

"அவன் சொல்வான், சார்" என்றாள். "ராத்திரி தூங்கி எந்திரிச்சா சொல்வான்."

இரண்டு நாள் அவகாசம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் படியிறங்கிய பிறகு எனிட் பேசினதையெல்லாம் நான் இங்கே சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்.

"எங்கப்பா இந்த ஜன்னலைப் பாத்துக்கிட்டேதான் செத்தாரு. நீ ஒரு அட்டைப்பெட்டிக்காக என்னைத் தெருவுல நிறுத்துவியா?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. அதை அவளுக்கு நேராகவே சொன்னேன்.

அடுத்த நாள், போட்டோவோடு நின்ற அந்த அம்மா என் வீட்டுக் கதவைத் தட்டினார். லாயத்துக்குள் விடமாட்டார்கள், அக்கா வீடு எது என்று விசாரித்து வந்திருக்கிறார். பக்கத்து ஊர் ஸ்லோவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. பெயரைச் சொல்லமாட்டேன். அவருக்கு அந்த நாட்டிலேயே இன்னொரு மகன் இருக்கிறான். நாரிஸைக் கூப்பிட்டனுப்பினேன்.

வந்தவுடன் அவன் நாற்காலியில்கூட உட்காராமல் சொன்னான். "அம்மா, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. நான் உங்க கட்சி இல்ல. நான் கோட்டைக்காரன். உங்க நாட்டைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியும், ஐயா. நான் கட்சி சேக்க வரல" என்றார் அந்த அம்மா. "என் மகன் ஜெயில்ல செத்தான், உடம்பை எங்ககிட்ட குடுக்கவே இல்ல. எங்க புதைச்சாங்கன்னும் சொல்லல. வீட்டுல அழுதாக்கூட போலீஸ் வரும். நீங்க பாத்தீங்களே, அந்த அட்டைப்பெட்டி, அதுதான் அவனுக்கு நடந்த சாவு ஊர்வலம். வேற நடக்கல. வழியில போன ஒருத்தர் மரியாதை செஞ்சாரு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

நாரிஸ் தொப்பியைக் கழற்றினான். அப்போது அவன் கை சும்மாதான் இருந்தது. பிறகு உட்கார்ந்து, பையனுக்கு என்ன வயது, என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனாம். அந்த அம்மா தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் போன பின்னும் நாரிஸ் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"என்னடா?" என்றேன்.

"மேஜர் சொல்லச் சொன்னதுல ஒரு வார்த்தை இடிக்குது. தப்பா நெனச்சேன்னு சொல்லணுமாம். நான் எங்க தப்பா நெனச்சேன்? அது நிஜச் சாவுதானே."

"அந்த வார்த்தையை முழுங்கிட்டு மிச்சத்தைச் சொல்லு."

"அவங்களுக்கு வேண்டியதே அந்த வார்த்தைதான்."

"அப்போ சொல்லாத. மேஜர் உன்னைத் துரத்தமாட்டாரு. பயந்த மனுஷன் இல்ல."

"துரத்தமாட்டாரு. எனக்காக நின்னு அவரு தலை உருளும். விமானமும் போகும். வடக்கே அந்த ஃபாக்டரியில இருக்கிறவங்க என்ன பாவம் பண்ணாங்க? டெரெக்குக்கு இதெல்லாம் விளையாட்டு. எனக்கு அந்த வண்டி வேணும் ஐவி, அது ஓடணும். ஆனா பாரு, அந்த வண்டியில ஏறினா ஏன் ஒருத்தன் மனசு குளிர்றான்? தனக்குக் கிடைக்கிற மரியாதை நிஜம்னு நெனைக்கிறான். நாளைக்கு நாங்களே வந்து, அது கை தவறிச் செஞ்சது, வேண்டாம்னா திருப்பி எடுத்துக்குறோம்னு சொன்னா, அப்புறம் அதுக்கு என்ன மதிப்பு? விமானம் விக்கிற கடையில குடுக்கிற மிட்டாய் மாதிரி ஆயிடும்."

நான் அதிகம் யோசிக்கிறவள் இல்லை. அரச குடும்பம் வேண்டுமா என்று என்னைக் கேட்டால் வேண்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன், டெரெக் எவ்வளவு கத்தினாலும். நாலு நாட்டுக்காரன் வந்து உட்கார்ந்து நல்லவிதமாகச் சாப்பிட்டுப் போக ஒரு வீடு இருப்பது நல்லதுதான். ஆனால் அந்த வீட்டு வாசல் வழியாக ஒரு தாய் பிள்ளையின் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போனால், வேலைக்காரனாவது தலை குனியட்டும். அதுவும் கூடாது என்றால் பிறகு எதற்கு அந்த வீடு? இதில் என் தம்பி சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவன் மேஜரிடம் போய், தானே வேலையை விடுவதாகச் சொன்னான். நானும் எனிட்டும் படிக்கட்டு மேலிருந்து கேட்டோம்.

"நான் போயிட்டா, அந்த ஆள் இப்போ எங்ககிட்ட இல்லைன்னு நீங்க தூதரகத்துக்குச் சொல்லலாம், சார். அது பொய் இல்ல. அவங்களும் அடங்கிடுவாங்க."

"நாங்க உன்னைத் துரத்திட்டோம்னு ஊர் பேசும், நாரிஸ்."

"பேசட்டும், சார். தூதரகத்துக்கும் அப்படித்தானே தோணணும்."

மேஜர் அவன் தோளில் கைவைத்துவிட்டு, குதிரைகள் பக்கம் போய்விட்டார்.

இப்போது புரிகிறதா, க்ளெனிஸ்? ஊர் தன்னைப் பற்றி என்ன பேசும் என்று தெரிந்தேதான் கிளம்பினான். அந்தப் பேச்சுதான் கோட்டைக்கு அவன் கடைசியாகச் செய்த வேலை. நான்தான் அதைப் பொறுக்கமாட்டாதவள். விமான விஷயம் எப்போதோ முடிந்துபோயிற்று, இனி யாருக்காக நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

அன்று மதியமே அவன் பையைக் கட்டினான். உடுப்பையும் உயரத் தொப்பியையும் துலக்கிக் கட்டிலில் வைத்தான். சாதாரணக் கோட்டில் அவனைப் பார்க்க ஆள் சிறுத்துப்போன மாதிரி இருந்தது. என் வீட்டு முன்னறையில் படுக்கை போட்டிருந்தேன். அழைத்துப்போகத்தான் வந்திருந்தேன்.

எனிட் முழங்காலிட்டு அடுப்புக்கு அடியில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் வா" என்றான்.

"மாசக் கடைசி வரைக்கும் வீடு நம்மளுது. ஒவ்வொரு அறையாக் கழுவிட்டுத்தான் வருவேன். எங்கப்பன் வீட்டை அழுக்கா விட்டுட்டுப் போனாங்கன்னு ஒருத்தி பேசக்கூடாது."

"நான் ஒரு கை பிடிக்கிறேன்."

"ஒண்ணும் வேண்டாம். உன் கை செஞ்சது போதும்." தேய்ப்பதை நிறுத்தவில்லை. பிறகு என்னிடம், "ஐவி, அவனுக்கு முட்டை நல்லாக் கெட்டியா வேகணும். கொஞ்சம் வழிஞ்சாலும் தொடமாட்டான்" என்றாள்.

"தெரியும், நான்தான் அவனுக்கு முதல்ல முட்டை வேகவச்சுக் குடுத்தவ."

"அப்போ சரி."

அவன் அவள் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோனான், தொடாமல் எடுத்துக்கொண்டான். கதவைத் திறந்தான். படியிறங்கி முற்றத்தில் நின்றோம். அத்தனை வருஷமும் அந்தப் படியிலிருந்து இடப்பக்கம்தான் திரும்பியிருக்கிறான், லாயத்துக்கு. கால் தன்னாலே அந்தப் பக்கம் ஓர் அடி வைத்தது. பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, வலப்பக்கம், வெளிவாசலைப் பார்த்துத் திரும்பினான்.