ஆவணிக்குக் காத்திருந்த வெப்சைட்

சென்ற வாரம் சிவகாசியில் ஒரு கம்ப்யூட்டருக்குச் சூடம் காட்டினோம். சந்தனம், குங்குமம், பக்கத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம். கீபோர்டில் எதுவும் விழாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

கம்ப்யூட்டர் என் நண்பன் செல்வகுமாருடையது. நாரணாபுரம் ரோட்டில் காலண்டர் அச்சடிக்கிறான். அண்ணனும் தம்பியுமாக நடத்திய கம்பெனியைச் சித்திரையில் பாகம் பிரித்தார்கள். மெஷின்கள் ஆளுக்குப் பாதி. அப்பா பெயரில் இருந்த வெப்சைட் முகவரி மட்டும் அண்ணனுக்குப் போனது. அதை எப்படி இரண்டாக வெட்டுவது? அன்றோடு இருவருக்கும் பேச்சுவார்த்தையும் நின்றது.

ஆக, தம்பியான செல்வகுமார் தன் டிசைன்களை எல்லாம் புது முகவரிக்கு மாற்றியாக வேண்டும். வெளியூர்க் கடைக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் ஆர்டர் போடுவார்கள். தனியாக நிற்கும் முதல் சீசன் வேறு... சறுக்கினால் அண்ணன் முன்னால் போய் நிற்க வேண்டுமே என்ற பயம் அவனுக்கு.

என்ன பெயர் வைப்பது? ஊர்ப் பெயரோடு காலண்டரைச் சேர்த்துப் பார்த்தோம். அது எப்போதோ வேறொருவர் கைக்குப் போய்விட்டது. முருகன்? பாதி ஊர் முருகன்தான். மனைவியிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தான்.

"எம் பேர ஊரூரா ஆணியில தொங்க விடணுமாக்கும்? வேற ஆளப் பாருங்க" என்றுவிட்டார்.

கடைசியில் மிஞ்சியவை இரண்டு. மகள் பெயர், குலசாமி பெயர். கோயிலில் பூக்கட்டிப் பார்த்தோம். மகள் பெயர் வந்தது. முகவரியை வாங்க நான் அங்கேயே போனை எடுத்தேன். ஐந்து நிமிட வேலை.

"இரு மாப்ளே. இன்னைக்கு அஷ்டமி. நாளைக்கு ஆடி பொறந்துரும். ஆடியில யாராச்சும் பேர் வைப்பாகளா? ஆவணியில பாத்துக்கிடுவோம்" என்று தடுத்தான் செல்வகுமார்.

ஆனால் காலண்டர் தொழிலில் புது வருட டிசைன்களைத் தொகுத்து ஆல்பம் போடுவது ஆடிப்பெருக்கன்று. அதில் மாற்றமே கிடையாது. ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்திலும், இன்னும் வாங்காத முகவரியைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து ஏஜெண்டுகளிடம் கொடுத்துவிட்டான்.

"அதே நாள்ல முகவரியையும் வாங்கிரலாம்லா?" என்றேன்.

"அது ஆல்பத்துக்கான நாளு. பேருக்கு ஆவணிதான். எம் மக பேர எவன்லே எடுக்கப் போறான்?"

ஊருக்கே நல்ல நேரம் அச்சடித்துக் கொடுப்பவனிடம் நான் என்ன வாதாடுவது?

அப்படித்தான் ஆவணியில் அந்தச் சூடம். நல்ல நேரம் தொடங்கியதும் பெயரைத் தட்டினான். ஏற்கெனவே யாரோ வாங்கிவிட்டார்கள் என்று வந்தது. செல்வகுமார் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஆல்பம் ஊரெல்லாம் போயாச்சே!

யார் அந்தப் புண்ணியவான் என்று முகவரியைத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு பக்கம். 'காலண்டர் ஆர்டருக்கு' என்று போட்டு ஒரு செல் நம்பர்... செல்வகுமாரின் நம்பர்.

"அதான் தெரியாத ஆளுக எல்லாம் கூப்பிட்டாகளா?" என்றான் மெதுவாக.

இதைச் செய்யக்கூடியவர் ஊரில் ஒருவர்தான். தம்பி பேசமாட்டான் என்பதால் நானே அண்ணனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஆமாப்பா, நாந்தான் வாங்கினேன். ஏஜெண்ட் ஒருத்தர் ஆல்பத்தக் காட்டுனாரு. அந்தப் பேர அடிச்சுப் பாத்தா ஒண்ணும் வரல. ஆவணி பொறக்காம அவன் வாங்க மாட்டான்னு எனக்குத் தெரியாதா? அதுக்குள்ள வேற எவனும் தூக்கிட்டா?"

"நீங்களும் ஆடி பாக்கிற ஆளாச்சே அண்ணாச்சி?"

"ஆமா. அதனாலதான் எம் பேருல வாங்கினேன். தோஷம் ஏதும் இருந்தா என்னோட போகட்டும். இப்ப அவன் பேருக்கு மாத்திக்கிடச் சொல்லு."

செல்வகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். போனைப் பிடுங்கி, "சாப்பிட்டீகளாண்ணே?" என்றான். சித்திரைக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை.

அண்ணனும் தம்பியும் இப்போது தினமும் பேசிக்கொள்கிறார்கள் — முதல் சண்டையும் நேற்று வந்துவிட்டது.